போவதற்கு வண்டி இருக்கிறது, திரும்பி வருவதற்கு?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பத்திரிகையை முப்பது வருடமாக வாசிக்கிறேன், கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளமாகத்தான் போகும். இடமில்லை என்றால் எங்கே வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள், ஆனால் திரும்பி வருகிற வண்டியைப் பற்றி எழுதியிருப்பதை மட்டும் எடுத்துவிடாதீர்கள், அதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

நாகர்கோவிலுக்கும் பாறசாலைக்கும் இடையில் ஒரு சின்ன ரயில் நிலையம், அதன் பக்கத்தில் எனக்குத் தையல் கடை. கடை என்றால் வீட்டின் முன்னறைதான். இரண்டு மெஷின், ஒரு ஓவர்லாக், துணி வெட்ட ஒரு மேசை. வீட்டின் பின்பக்கம் வேலி, வேலியைத் தாண்டினால் தண்டவாளம். ஊர்ப் பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை. எழுதினால் அது ஒரு ஊர்க்காரர்களின் பிரச்சினையாகிவிடும். பள்ளியாடி, வீராணி ஆளூர், குழித்துறை மேற்கு, அந்தப் பக்கம் சுசீந்திரம் என்று நம் மாவட்டத்தில் சின்ன நிலையங்கள் பல இருக்கின்றன, நான் சொல்கிற விஷயம் கொஞ்சம் முன்னே பின்னே எல்லா ஊருக்கும் பொருந்தும் என்றுதான் நினைக்கிறேன்.

எங்களுடையது ஹால்ட் ஸ்டேஷன். அப்படியென்றால் என்ன என்று நாகர்கோவில்காரர்களுக்கே பாதிப் பேருக்குத் தெரியாது. இங்கே ஸ்டேஷன் மாஸ்டர் கிடையாது, ரயில்வே ஊழியர் என்று ஒருவரும் கிடையாது. வண்டி ஒதுங்கி நிற்க இரண்டாவது தண்டவாளம் கிடையாது, வருகிற வண்டி மெயின் லைனிலேயே நின்று, கடைசிப் பெட்டியில் இருக்கிற கார்டு ஆட்கள் ஏறி இறங்கிவிட்டார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டுப் புறப்படும். டிக்கெட் கொடுப்பவர் ஊர்க்காரர், ஒப்பந்தத்தில் எடுத்து நடத்துகிறார். பக்கத்துப் பெரிய ஸ்டேஷனில் பணம் கட்டி டிக்கெட்டுகளை வாங்கி வந்து விற்பார், விற்கிற டிக்கெட்டுக்குக் கமிஷன். மாதச் சம்பளம் எதுவும் இல்லை.

அந்த அண்ணன் விடியற்காலை வண்டிக்கு அரைமணி நேரம் முன்பே சைக்கிளில் வந்துவிடுவார். தோளில் ரெக்சின் பை. அறையைத் திறந்து லைட்டைப் போட்டு, டிக்கெட்டுகளை ஊர்வாரியாக மேசையில் அடுக்கிவிட்டு, தேதி முத்திரையைத் திருப்பி ஒரு பழைய தாளில் குத்திப் பார்ப்பார். தேதி தெளிவாக விழுந்தால்தான் கவுண்டர் பலகையைத் தூக்குவார். நான் சின்ன வயதில் இருந்து பார்க்கிறேன், அவருக்கு முன்னால் இருந்தவரும் இப்படியேதான் செய்தார். வெளியே அயனி மரத்தடியில் அதற்குள் ஆட்கள் கூடிவிடுவார்கள். தூக்குச்சட்டியும் கரண்டியும் உள்ள சாக்குப் பையோடு கொத்தனார்மார், அவர்களுக்குக் கையாளாகப் போகும் பெண்கள், திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் துணிக்கடைக்கு வேலைக்குப் போகிற பிள்ளைகள் ஈரத்தலையோடு, மகளைப் பார்க்க மட்டிப் பழக்குலையைப் பழைய வேட்டியில் சுற்றிக் கொண்டுபோகும் ஒரு பாட்டா, அப்புறம் பிளாஸ்டிக் கவரில் எக்ஸ்ரேயும் ஸ்கேன் ரிப்போர்ட்டும் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள். இந்தக் கடைசிக் கூட்டத்தில் நானும் அம்மையும் நான்கு வருடம் நின்றிருக்கிறோம்.

நம் மாவட்டத்தில் ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, நல்லபடியாகப் பார்க்கிறார்கள், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் சில வியாதிக்குத் திருவனந்தபுரம்தான் போக வேண்டியிருக்கிறது. மண்டலப் புற்றுநோய் மையம் 1981-இல் அங்கே தொடங்கியது முதல் நம் பக்கத்து ஜனங்கள் அங்கே போய்க்கொண்டேதான் இருக்கிறார்கள். இருதயம், நரம்பு என்றால் அங்கேயே உள்ள ஸ்ரீசித்திரா ஆஸ்பத்திரி. நாகர்கோவிலில் இருந்து ரயிலில் 71 கிலோமீட்டர், எங்கள் ஊரில் இருந்து இன்னும் குறைவு. பஸ்ஸில் போனால் மார்த்தாண்டத்தைத் தாண்டி, களியக்காவிளையில் இறங்கி, கேரளா பஸ் மாறி, நெய்யாற்றின்கரை நெரிசலில் நின்று போக வேண்டும். நல்ல உடம்புக்காரருக்கே தலை சுற்றும். மருந்து ஏற்றிக்கொண்டு வருகிற ஒருவரை அந்தப் பஸ்ஸில் நிறுத்திக் கூட்டிவர முடியாது. ரயில் என்றால் சீட்டில் படுக்க வைக்கலாம், கழிப்பறை இருக்கும், ஜன்னல் காற்று வரும்.

சரி, ரயிலில் போகலாம். காலை வண்டி எங்களை நேரத்துக்குக் கொண்டுபோய்த் தம்பானூரில், அதாவது திருவனந்தபுரம் பெரிய ஸ்டேஷனில், இறக்கிவிடும், அதில் குறை இல்லை. திரும்பி வருவதுதான் கதை.

ஓ.பி.யில் டாக்டர் பார்த்து, ரத்தம் கொடுத்து, மருந்துக்கு வரிசையில் நின்று எல்லாம் முடிய மத்தியானம் ஒன்று, ஒன்றரை ஆகும். அங்கிருந்து பஸ் பிடித்துத் தம்பானூர் ஸ்டேஷனுக்கு வர இரண்டு, இரண்டரை. அதற்குப் பிறகு எங்கள் ஊரில் நிற்கிற வண்டி சாயங்காலம்தான். அதுவரை அம்மையைப் பிளாட்பாரத்தில் ஒரு பெட்ஷீட்டை விரித்துப் படுக்க வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். நடுவில் இந்தப் பக்கம் வண்டிகள் வராமல் இல்லை, நாகர்கோவிலுக்கும் கன்னியாகுமரிக்கும் போகிற எக்ஸ்பிரஸ்கள் எங்கள் கண் முன்னால்தான் வந்து நின்று புறப்பட்டுப் போகும். எதுவும் எங்கள் ஊரில் நிற்காது.

ஒருநாள் அம்மைக்கு ரொம்ப முடியவில்லை. ஊசி போட்ட கை வீங்கியிருந்தது, வாந்தி வேறு. இனி சாயங்காலம் வரை உட்கார முடியாது என்று ஒரு எக்ஸ்பிரஸில் ஏறிவிட்டோம், அடுத்த பெரிய ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம் என்று. அன்று காலையில் கிளம்பும்போது வானம் நன்றாக வெளுத்திருந்ததால் கஸ்டமர் ஒருவரின் லைனிங் துணிகளை நனைத்துக் கொல்லையில் கொடியில் போட்டுவிட்டு வந்திருந்தேன் (லைனிங் துணியை நனைத்துக் காயவைக்காமல் தைத்தால் முதல் சலவையிலேயே சுருங்கி ஜாக்கெட்டை இழுத்துவிடும்). பாறசாலை தாண்டும்போது மழை பிடித்துவிட்டது. எங்கள் ஊர் நெருங்கியது, வண்டி வேகம் குறையவே இல்லை. அம்மை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்து, "மக்களே, நம்ம வீடு" என்றாள். பார்த்தேன். எங்கள் வேலி, எங்கள் கிணற்று மதில், கொடியில் சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக என் துணிகள் மழையில் நனைந்து தொங்கிக்கொண்டிருந்தன. பக்கத்து வீட்டு அக்கா சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு அவற்றை எடுக்க ஓடி வருவது வரைக்கும் தெரிந்தது. அதற்குள் வண்டி கடந்துவிட்டது. அயனி மரம், டிக்கெட் அறை, ஊர்ப் பெயர் எழுதிய மஞ்சள் பலகை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஓடிப்போயின. அம்மை ஒன்றும் பேசாமல் மறுபடி என் மடியில் தலையை வைத்துக்கொண்டாள். அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, மழையில் ஆட்டோவுக்கு நின்று, இருநூற்றைம்பது ரூபாய் கொடுத்து, வந்த வழியே திரும்பி வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது விளக்கு வைக்கிற நேரம்.

அதற்குப் பிறகு நான் அம்மையை ரயிலில் கொண்டுபோகவில்லை. வாடகைக் கார்தான், போய்வர இரண்டாயிரத்துக்கு மேல் ஆகும். இரண்டு தடவை நகையை அடகு வைத்துப் போனேன். அம்மை போன வருடம் போய்விட்டாள். நான் இப்போது எழுதுவது எனக்காக இல்லை, அதே எக்ஸ்ரே கவரோடு அந்த மரத்தடியில் இன்றைக்கும் ஆட்கள் நிற்கிறார்கள், அவர்களில் எத்தனை பேர் அடுத்த மாதம் காருக்கு மாறுவார்கள் என்பது எனக்குத் தெரிந்த கதை.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு வருடம் முன்னால் ஊரில் நாங்கள் கொஞ்சம் பேர் சேர்ந்து கையெழுத்து வாங்கி ஒரு மனு கொண்டுபோனோம். வாங்கிய அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார், நாற்காலி போட்டு உட்கார வைத்தார். "உங்க ஸ்டேஷன்ல கலெக்‌ஷன் இல்லையேம்மா, எதை வச்சு ஸ்டாப் கேட்கிறது?" என்றார். அவர் சொன்னது பொய் இல்லை, அவர் முன்னால் இருந்த கணக்கு அதைத்தான் சொல்லும். ஆனால் அந்தக் கணக்கு எப்படி வருகிறது என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள்.

எங்கள் ஊரில் இருந்து போகிறவர் ஒருவழி டிக்கெட்தான் எடுக்கிறார், திரும்பி இங்கே வந்து இறங்க முடியுமா என்று அவருக்கே நிச்சயம் இல்லை. அவர் திரும்பி வருகிற டிக்கெட்டைத் திருவனந்தபுரத்தில் எடுக்கிறார், அதுவும் அடுத்த பெரிய ஸ்டேஷனுக்கு. ஆக அவர் எங்கள் ஊர்க்காரர் என்பதே கணக்கில் ஏறாது. தினமும் வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு இங்கே சீசன் டிக்கெட் கிடையாது, பெரிய ஸ்டேஷனில் போய்த்தான் எடுக்க வேண்டும். எடுக்கும்போது பாதிப் பேர் அந்த ஸ்டேஷனில் இருந்தே எடுத்துவிடுகிறார்கள், ராத்திரி நேரமாகிவிட்டால் அங்கேதான் இறங்கப் போகிறோம் என்று. எல்லாருக்கும் மேலே, என்னைப் போல திரும்பும் வண்டி இல்லாததாலேயே போகிற வண்டியையும் விட்டவர்கள் இருக்கிறோமே, நாங்கள் எந்தப் புத்தகத்திலும் இல்லை. போவதற்கு வண்டி விட்டு, வருவதற்கு விடாமல், கலெக்‌ஷன் இல்லை என்று சொன்னால் எப்படி? ஒற்றைக் காலைக் கட்டிவிட்டு நடக்கவில்லை என்கிற மாதிரி இருக்கிறது. ஒரு ஊருக்கு வண்டி இருக்கிறதா என்று பார்ப்பதென்றால் போகிற வண்டியையும் வருகிற வண்டியையும் ஜோடியாகத்தான் பார்க்க வேண்டும். ஒன்றை மட்டும் இங்கே நிற்க வைத்துவிட்டு ஆட்களை எண்ணக் கூடாது.

இன்னொன்று, 'கிராமத்து ஸ்டேஷன்' என்ற சொல்லைக் கேட்டதும் மேலே இருப்பவர்கள் மனதில் என்ன வருகிறது என்று எனக்குத் தெரிகிறது. வடக்கே போனால் ஒரு ஊருக்கும் அடுத்த ஊருக்கும் நடுவில் பொட்டல் காடாகக் கிடக்கும், அங்கே ஒரு ஹால்ட்டில் நான்கு பேர் நிற்பார்கள். நம் மாவட்டம் அப்படியா? மொத்தமே 1,684 சதுர கிலோமீட்டர், 2011 கணக்கெடுப்பிலேயே 18 லட்சத்து 70 ஆயிரம் பேர். மலையையும் காட்டையும் கழித்துவிட்டுப் பார்த்தால் வீட்டுக்கு வீடு ஒட்டித்தான் இருக்கிறது. எங்கள் ஊர் எங்கே முடிகிறது, பக்கத்து ஊர் எங்கே தொடங்குகிறது என்று கேட்டால் ஊர்க்காரர்களே ஏதாவது ஒரு குருசடியையோ (வழியோரச் சிலுவைக் கோயில்) சாயாக்கடையையோதான் அடையாளம் காட்டுவார்கள். ஸ்டேஷன் சின்னது, அதை நம்பி இருக்கிற ஜனம் சின்னது இல்லை. இதைச் சொல்ல எனக்கு எந்த அதிகாரியும் வேண்டாம், நான்கு பக்கமும் நடந்து பார்த்தாலே போதும்.

இந்தப் பாதை எப்படி வந்தது என்பதையும் கொஞ்சம் சொல்கிறேன், இளம் வயதுக்காரர்களுக்குத் தெரிந்திருக்காது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது நம் மாவட்டத்தில் ஒரு அடி தண்டவாளம் கிடையாது. 1972-இல் இந்திரா காந்தி கன்னியாகுமரியில் வந்து அடிக்கல் நாட்டினார். 1979 ஏப்ரலில் திருவனந்தபுரத்தில் இருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்கு வண்டி ஓடியது, திருநெல்வேலிப் பாதை திறக்க 1981 ஏப்ரல் ஆகிவிட்டது. நடுவில் அந்த இரண்டு வருடமும் நமக்கு ரயில் என்றாலே திருவனந்தபுரம் வழிதான். எங்கள் அப்பாவின் விளையில் (தோப்பில்) பன்னிரண்டு சென்ட் இந்தத் தண்டவாளத்துக்குப் போனது, காய்த்துக்கொண்டிருந்த ஏழு தென்னை. சிவந்த மண்ணை மலை மலையாக வெட்டி எடுத்தார்கள், எங்கள் வீட்டுக்குக் கிழக்கே இன்றைக்கும் இரண்டு ஆள் உயரத்துக்கு வெட்டுக் கரை நிற்கிறது, பெரிய மழை வந்தால் அது சரிந்துவிடுமோ என்று பயமாக இருக்கும் (2021 நவம்பர் மழையில் இந்தப் பாதையில் மண் சரிந்து வண்டிகள் நின்றது பலருக்கு ஞாபகம் இருக்கும்). முதல் வண்டி வந்தபோது எனக்கு ஒன்பது வயது. இன்ஜினில் வாழைக்குலையும் பூமாலையுமாகக் கட்டியிருந்தார்கள். அப்பா என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, "தென்னை போனா போகட்டு மக்களே, இனி நீங்க எல்லாம் வீட்டு நடையில இருந்து வண்டி ஏறலாம்" என்றார். தென்னைக்கு வந்த நஷ்டஈடு எவ்வளவு என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை, அந்த வண்டியைப் பற்றி மட்டும் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காக எல்லா வண்டியும் நின்றது. அதுவரை எங்கள் ஊரில் நின்றுகொண்டிருந்தவற்றில் சில, மறுபடி ஓடத் தொடங்கியபோது இங்கே நிற்கவில்லை. பெயர் ஸ்பெஷல் என்று மாறியது, எக்ஸ்பிரஸ் என்று மாறியது, பத்து ரூபாயாக இருந்த குறைந்த கட்டணம் முப்பதாக ஏறியது. 2024 தொடக்கத்தில் கட்டணம் மறுபடி பத்தாகக் குறைந்தது, அன்று டிக்கெட் கொடுக்கும் அண்ணன் எல்லாரையும் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சொன்னார். கட்டணம் திரும்பி வந்தது. நிறுத்தங்கள் எல்லாம் திரும்பி வரவில்லை.

பெரிய வண்டிகள் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. 2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னை எழும்பூருக்கும் நாகர்கோவிலுக்கும் வந்தே பாரத் விட்டார்கள், என் தங்கை மகன் சென்னையில் வேலை, காலையில் கிளம்பினால் அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடுகிறான், சந்தோஷம்தான். கன்னியாகுமரியில் இருந்து அசாமில் திப்ருகர் வரைக்கும் 4,000 கிலோமீட்டருக்கு மேல் போகிற விவேக் எக்ஸ்பிரஸ் எங்கள் வேலிக்குப் பின்னால்தான் போகிறது. அது போகும்போது மெஷின் மேல் வைத்திருக்கிற கத்திரிக்கோல் அதிரும், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பெட்டியை எண்ணுவார்கள். அதை இங்கே நிறுத்தச் சொல்லி நான் கேட்கவில்லை, கேட்பதும் நியாயம் இல்லை. நாங்கள் கேட்பது மத்தியானம் இரண்டரைக்கும் நான்குக்கும் நடுவில் திருவனந்தபுரத்தில் இருந்து இந்தப் பக்கம் வருகிற ஒரே ஒரு வண்டி. புதிதாக விட்டாலும் சரி, ஓடுகிற ஒன்றை எல்லா ஊரிலும் நிறுத்தினாலும் சரி.

நிறுத்தினால் நேரம் போகும் என்பார்கள். ஒரு நிமிடம் நிறுத்தினால் ஒரு நிமிடம் மட்டும் போவதில்லை, வேகத்தைக் குறைத்து, நின்று, மறுபடி பழைய வேகத்துக்கு வர நான்கைந்து நிமிடம் ஆகும் என்று ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற உறவினர் ஒருவர் எனக்கு விளக்கினார். ஒற்றைத் தண்டவாளத்தில் ஐந்து நிமிடம் தாமதம் என்றால் எதிரே வருகிற வண்டி எங்கேயோ கிராசிங்குக்குக் காத்து நிற்கும், அதன் பின்னால் இன்னொன்று. இதெல்லாம் உண்மை, நான் மறுக்கவில்லை. ஆனால் அவரே இன்னொன்றும் சொன்னார். மெமு வண்டியில் ஒரே இன்ஜின் முன்னால் நின்று எல்லாவற்றையும் இழுப்பதில்லை, இழுக்கிற சக்தி வண்டி நெடுகப் பல பெட்டிகளில் பிரிந்திருக்கும், அதனால் சட்டென்று நிற்கும், சட்டென்று வேகம் பிடிக்கும், இப்படி ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு ஊர் என்று நின்று நின்று போவதற்காகவே செய்த வண்டி அது. கொல்லத்துக்கும் கன்னியாகுமரிக்கும் மெமு ஏற்கெனவே ஓடுகிறது. லைனில் கரண்ட் இருக்கிறது. திருவனந்தபுரம் பக்கம் இரட்டைப் பாதை வேலையும் நடந்துகொண்டிருக்கிறது, திருநெல்வேலிப் பக்கம் முடிந்தேவிட்டது. இந்தப் பக்கமும் முடிந்து கிராசிங் தொல்லை தீர்ந்த பிறகு, அந்த மிச்ச நேரத்தை வேகமான வண்டிகளுக்கே கொடுத்துவிடாமல் எங்களுக்கும் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள் என்று இப்போதே சொல்லி வைக்கிறேன். புது டைம்டேபிள் போட்டு முடித்த பிறகு போய் நின்றால், இனி மாற்ற முடியாது என்பார்கள்.

நம் மாவட்டத்து ரயில் பாதைகள் ரயில்வேயின் திருவனந்தபுரம் கோட்டத்திலேயே (நிர்வாகப் பிரிவிலேயே) இருக்கலாமா, மதுரைக் கோட்டத்துக்கு மாற வேண்டுமா என்று ஒரு பேச்சு பல வருடமாக நடக்கிறது, உங்கள் பக்கங்களிலும் நிறைய வாசித்திருக்கிறேன். பெரியவர்கள் பேசட்டும். எந்தக் கோட்டமாக இருந்தாலும் மத்தியான வண்டியைப் போடுகிற கோட்டம் எங்களுக்கு நல்ல கோட்டம்.

ஒரு வழி இருக்கிறது, அதைத்தான் கேட்கிறோம். புது நிறுத்தம் கொடுக்கும்போது சோதனை முறையில் ஆறு மாதத்துக்குக் கொடுத்துப் பார்ப்பது ரயில்வேயில் உள்ள வழக்கம்தான். மத்தியான வண்டி ஒன்றை ஆறு மாதத்துக்கு இந்தச் சின்ன நிலையங்களில் நிறுத்திப் பார்க்கட்டும். ஆனால் சோதனை என்றால் ஒழுங்காகச் செய்ய வேண்டும். யாருக்கும் தெரியாமல் நிறுத்திவிட்டு ஆள் வரவில்லை என்று எழுதக் கூடாது. ஓ.பி. சீட்டு எழுதுகிற இடத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டினால் போதும், ஒரே வாரத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிடும். எங்கள் ஊர் டிக்கெட் அறையிலேயே சீசன் டிக்கெட்டும் போக-வர டிக்கெட்டும் கிடைக்க வேண்டும், அப்போதுதான் எங்கள் ஆட்கள் எங்கள் கணக்கில் ஏறுவார்கள். செல்போனில் எடுக்கலாமே என்பார்கள், பிள்ளைகள் எடுக்கிறார்கள், அம்மை வயதுக்காரர்களுக்கு அது ஆகாது. அப்புறம் மாதத்தில் இரண்டு மூன்று நாள், ஒரு ஆள் வந்து நின்று இறங்குகிறவர்களையும் ஏறுகிறவர்களையும் தலையை எண்ணட்டும். டிக்கெட்டை எண்ண வேண்டாம். கமிஷன் குறைந்துகொண்டே போவதால் டிக்கெட் கொடுக்கும் அண்ணனும் விட்டுவிடலாமா என்று இருக்கிறார், ஒப்பந்தம் முடிந்தால் அடுத்து எடுக்க ஊரில் ஆள் இல்லை. அந்தக் கவுண்டர் மூடிவிட்டால் கணக்கில் எங்கள் ஊர் சுத்தமாகப் பூஜ்யம் ஆகிவிடும், அந்தப் பயம் எனக்கு இருக்கிறது.

பிளாட்பாரத்தைப் பற்றியும் நான்கு வரி. எங்கள் பிளாட்பாரம் தாழ்ந்தது, தண்டவாள மட்டத்தில் இருந்து ஒரு சாண்கூட உயரம் இல்லை. வண்டியின் கடைசிப் படியில் இருந்து காலைத் தரையில் வைக்க வயதானவர்களுக்கு எட்டாது. அம்மையை நான் எப்படி இறக்குவேன் என்றால், முதலில் நான் குதித்துத் திரும்பி நின்று அவள் இரண்டு கையையும் என் தோளில் போடச் சொல்லி, இடுப்பைப் பிடித்து அப்படியே தூக்கி இறக்குவேன், உள்ளே இருந்து யாராவது பையை எறிவார்கள். ஒரு நிமிடத்தில் இதெல்லாம் முடிய வேண்டும். சாயங்கால வண்டி தாமதமாகி இருட்டில் வந்தால் இன்னும் மோசம், இருக்கிற விளக்குகளில் மரத்தடி விளக்கு மட்டும்தான் ஒழுங்காக எரிகிறது, எங்கள் பெட்டி மரத்தைத் தாண்டி நின்றுவிட்டால் ஜல்லியில்தான் இறங்க வேண்டும். ஒருநாள் கார்டு இதைப் பார்த்துவிட்டு, நாங்கள் வேலிப் பக்கம் வந்து சேரும்வரை டார்ச்சை எங்கள் மேல் அடித்துக்கொண்டே நின்றார், அதற்குப் பிறகுதான் வண்டியை எடுக்கச் சொன்னார். அவர் யார் என்று தெரியாது, இதை வாசித்தால் எங்கள் நன்றியை ஏற்றுக்கொள்ளட்டும். பிளாட்பாரத்தை உயர்த்துவது பெரிய செலவு, இரட்டைப் பாதையோடு சேர்த்துத்தான் வரும் என்று தெரியும். விளக்கு போடுவதற்கு அவ்வளவு காத்திருக்க வேண்டியதில்லை.

ஆசிரியர் ஐயா, உங்கள் நிருபர் ஒருவரை அனுப்ப முடிந்தால் அனுப்புங்கள். காரில் வர வேண்டாம். ஒரு திங்கட்கிழமை விடியற்காலை எங்கள் மரத்தடியில் இருந்து ஆட்களோடு வண்டி ஏறி, ஆஸ்பத்திரி வரைக்கும் போய், மத்தியானம் அவர்கள் ஸ்டேஷனுக்குத் திரும்பி வரும்போது கூடவே வந்து, சாயங்கால வண்டி வரைக்கும் அந்தப் பிளாட்பாரத்தில் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கச் சொல்லுங்கள். எந்த ஊர் என்று கேட்டால் உங்களுக்குத் தனியாக எழுதுகிறேன். திரும்பி வந்து இறங்கும்போது இருட்டியிருக்கும், நான் கடையில் விளக்கைப் போட்டு வைத்திருக்கிறேன், அந்த வெளிச்சத்தைப் பார்த்து வேலி ஓரமாக நடந்து வந்தால் சாயா குடித்துவிட்டுப் போகலாம்.

இப்படிக்கு,
தையல் கடை நடத்தும் ஒரு வாசகி,
கன்னியாகுமரி மாவட்டம்.